உரல் இருந்த இடம்

நம் வயதுக்காரர்கள் கூடினால் பேச்சு எப்படியும் கோடை விடுமுறைக்குப் போய்விடுகிறது. நுங்கு, கிணற்றுக் குளியல், சித்திரைத் திருவிழாவுக்கு வந்து தங்கிய சொந்தக்காரர்கள் என்று ஆளுக்கொன்று சொல்கிறீர்கள். என் முறை வரும்போது நான் பேச்சை மாற்றிவிடுவேன். எனக்கு முழுதாக நினைவிருப்பது ஒரு கோடைதான். அதில் மண்ணெண்ணெய் வாடை இருக்கிறது, பச்சை வண்ணம் அடித்த ஒரு மெஷின் இருக்கிறது. அம்மா இல்லை.

எழுபதுகளின் பின்பாதி. எங்கள் வீடு சிம்மக்கல்லில், வைகைக் கரைக்கு இறங்கும் சந்து ஒன்றில் இருந்தது. முன்னால் ஒரு சிறிய அறை, அடுத்து நீளமான கூடம், கூடத்தின் கிழக்குச் சுவரில் சமையலறைக் கதவு, மேற்குச் சுவரில் ஒரே ஒரு ஜன்னல். கூடத்தின் நடுவில் ஆட்டுரல் தரையில் பதிக்கப்பட்டிருந்தது. அம்மா அதன் முன் காலை நீட்டி உட்கார்ந்து மாவாட்டும்போது நான் குழவியின் சத்தத்தில் வாய்ப்பாடு சொல்வேன்.

அப்பா பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். ஆலையை விட்டு விலகி, சொந்தமாகப் பட்டறை வைப்பது என்று முடிவு செய்தார். கோயம்புத்தூரில் மூடிக் கிடந்த ஒரு பட்டறையிலிருந்து பழைய மில்லிங் மெஷின் ஒன்றை வாங்கினார். அதுவரை அந்தப் பெயரை எங்கள் சந்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. பல் வைத்த கட்டர் ஒன்று சுழலும். அதன் கீழே இரும்பு மேசை. மேசையில் இரும்புத் துண்டை இறுக்கிவிட்டுக் கைச்சக்கரத்தைச் சுற்றினால் மேசை மெல்ல நகரும். துண்டின் மேல்பக்கம் சீவப்பட்டுச் சமமாகும். இதுதான் அதன் வேலை. அதன் பித்தளைத் தகட்டில் பாதி எழுத்து தேய்ந்துபோயிருந்தது.

மெஷின் லாரியில் வந்த அன்று அப்பாவின் ஆலைக்கால நண்பர் கூட இருந்தார். நான் அவரை மில் மாமா என்று கூப்பிடுவேன். அவர்தான் கண்டிப்பாகச் சொன்னார்.

“மாப்ள, கெழக்கப் பாத்து நின்னுதான் மொத வேலையத் தொடங்கணும். அதுல மட்டும் விட்டுக்கொடுக்காத.”

நிற்பவர் கிழக்கே பார்க்க வேண்டுமென்றால் மெஷின் அவருக்குக் கிழக்கே இருக்க வேண்டும். கிழக்குச் சுவரில் சமையலறைக் கதவு. அதனால் மெஷின் சுவரை விட்டுத் தள்ளி, கூடத்தின் நடுவுக்கு வந்தது. நடுவில் உரல் இருந்தது.

உரலைப் பெயர்த்தார்கள். கடப்பாரை போட்டு நெம்பி, உருட்டி, பின்னால் கிணற்றடியில் கொண்டுபோய்ச் சாய்த்தார்கள். குழியில் உடைந்த ஓடு, செங்கல் துண்டு, ஆற்று மணல் எல்லாவற்றையும் கொட்டி மேலே சிமெண்ட் பூசினார்கள். நல்ல நேரம் மறுநாள் காலையோடு முடிந்துவிடும் என்பதால் சிமெண்ட் வெளுக்கும் முன்பே மெஷினை ஏற்றி நிறுத்தினார்கள். மேசை சமமாக நிற்கிறதா என்று பார்க்க அப்பா அதன் மேல் ரசமட்டத்தை வைத்தார். மரச்சட்டத்தில் பித்தளை பதித்த பழைய ரசமட்டம் அது. கண்ணாடிக்குள் இருந்த குமிழி நடுக்கோட்டில் அசையாமல் நின்றது. எலுமிச்சம்பழம் வெட்டிக் குங்குமம் தடவினார்கள். அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறைக் கதவில் நின்றாள். கூடத்துக்கு வர இப்போது அவள் பக்கவாட்டில் திரும்பி நுழைய வேண்டியிருந்தது.

முதல் துண்டு கெட்டுப்போனது. ஒரு பாதி வழவழப்பாக வந்தது. மறுபாதி கோரைப்பாய் போல வரிவரியாக வந்தது. இரண்டாவது துண்டும் அப்படித்தான். பம்புசெட் கடைக்காரர் ஒருவர் மாதிரித் துண்டு கேட்டிருந்தார். அவர் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்னண்ணே, இதுல தேங்கா துருவலாம் போலருக்கே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை அம்மா உசிலம்பட்டிப் பக்கம் இருந்த என் தாய்மாமா வீட்டுக்குக் கிளம்பினாள். சத்தம் எதுவும் இல்லை. தம்பிக்குப் பால்குடி மறக்கவில்லை, அதனால் அவனைத் தூக்கிக்கொண்டாள். எனக்குப் பரீட்சை முடியவில்லை, அதனால் நான் இருந்தேன்.

“அது ஓடுற அன்னைக்குச் சொல்லி விடுங்க. வாரேன்” என்றாள்.

“கோவமாப் போறியா?”

“கோவம் என்ன. மாவாட்ட எடமில்ல, பிள்ளையப் படுக்கப்போட எடமில்ல. அது ஓடட்டும், அப்பறம் பாப்போம்.”

மெஷின் ஓடினால் அம்மா வருவாள். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். பரீட்சை முடிந்தது. என்னை அழைத்துப் போக யாரும் வரவில்லை.

அப்பா குறையைத் தேடத் தொடங்கினார். முதலில் கட்டர் மழுங்கிவிட்டது என்றார். சாணை பிடித்து வந்தார். வரி போகவில்லை. பிறகு பெல்ட்டின் மூட்டு தட்டுகிறது என்று புதிதாக மூட்டினார். பிறகு மேசையை நகர்த்தும் திருகுக்கும் அதன் நட்டுக்கும் இடையில் ஆட்டம் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். அது உண்மைதான், சக்கரத்தைக் கால் சுற்று சுற்றிய பிறகே மேசை நகர்ந்தது. பித்தளையில் புது நட்டு கடைந்து போட்டார். ஆட்டம் போனது. வரி இருந்தது.

மெஷின் கூடமெங்கும் பரந்து கிடந்தது. அம்மாவின் அலுமினியத் தாம்பாளத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி அதில் பேரிங்குகளை ஊறப்போட்டிருந்தார். ஆலையிலிருந்து வந்த கழிவு நூல்கள், சிவப்பும் மஞ்சளுமாக, துடைத்துத் துடைத்து எல்லாம் ஒரே கறுப்பாக ஆகியிருந்தன. சோறு மண்ணெண்ணெய் வாடையடித்தது. பாய் அடித்தது, என் பாவாடை அடித்தது. தெருவில் பாண்டி ஆடப் போனால் பக்கத்து வீட்டுப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, “ஏய், ஸ்டவ்வு வந்துட்டா பாரு” என்பாள். போவதை நிறுத்திவிட்டேன். இரும்புச் சீவல்கள் நீலமும் வெள்ளியுமாகச் சுருண்டு கிடக்கும். அவற்றைப் பொறுக்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். அம்மாவுக்குக் காட்ட. டின் எப்போது தொலைந்தது என்று தெரியவில்லை.

தூசு படாமல் இருக்க, வேலை முடிந்ததும் அப்பா மெஷினை ஒரு துணியால் மூடுவார். அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை அது. அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளி. விளக்கு வைக்கும் நேரத்தில் முன் அறையிலிருந்து பார்த்தால் கூடத்தில் யாரோ அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நிற்பது போல இருக்கும். அது மெஷின் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு நாளும் ஒரு நொடி நின்று பார்ப்பேன்.

அப்பா கெட்டவர் இல்லை. சோறு வடிக்கக் கற்றுக்கொண்டார். எனக்கு இரட்டைச் சடை பின்னிவிட முயன்று, இரண்டும் வேறு வேறு உயரத்தில் முடிய, தானே சிரித்தார். ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் மெஷினுக்குப் போய்விடும். “ஆத்தா, என்னமோ கேட்டியே?” என்பார். நான் கேட்டதை மறந்திருப்பேன்.

ஒருநாள் மில் மாமா தூக்குச் சட்டிக்குள் சோற்றுக்குப் பதில் ஒரு டயல் கேஜை மறைத்துக் கொண்டுவந்தார். கடிகாரம் போல முகம் கொண்ட, முடியளவு பிசகையும் காட்டும் கருவி. அடுத்த ஷிப்டுக்குள் ஆலையில் திரும்ப வைத்துவிட வேண்டும். இருவரும் அதைக் கட்டர் சுழலும் தண்டில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். முள் அசையவில்லை.

“தண்டு சுத்தமா இருக்கு மாப்ள. பேரிங்கும் நல்லாருக்கு.”

“எல்லாம் நல்லாருக்கு. ஆனா ஓட மாட்டேங்குது.”

“ரசமட்டம் பாத்தியா?”

“அதெல்லாம் மொத நாளே பாத்தாச்சு. நீயுந்தான இருந்த?”

“இருந்தேன், இருந்தேன். கண்ணுபட்டுருச்சுப்பா. இன்னொரு பழம் வெட்டு.”

இன்னொரு பழம் வெட்டினார்கள்.

சித்திரைத் திருவிழா வந்தது. ஒவ்வொரு வருடமும் எங்கள் கூடத்தில் சொந்தக்காரர்கள் வரிசையாகப் படுத்திருப்பார்கள். விடிவதற்குள் எல்லோருமாக ஆற்றுக்கு நடந்துபோவோம். அந்த வருடம் படுக்க இடமில்லை என்பது ஊர்களுக்குத் தெரிந்திருந்தது. யாரும் வரவில்லை. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். சந்து நிறைய ஆட்கள் ஆற்றுக்கு இறங்கினார்கள். அழகர் மேல் பீய்ச்சத் தோல்பையில் தண்ணீர் வைத்திருந்த ஒருவர் போகிற போக்கில் என் மேல் பீய்ச்சிவிட்டுப் போனார். நான் நனைந்து உள்ளே ஓடி, “ப்பா, பாருங்க” என்றேன். அப்பா மேசைக்கு அடியில் படுத்திருந்தார். “மெஷின் பக்கம் ஈரத்தோட வராத தாயி” என்று குரல் மட்டும் வந்தது.

அதற்குப் பிறகு ஒரு காலையில் அம்மா வந்தாள். தம்பிக்கு ஊசி போட டவுனுக்கு வந்தவள், தாய்மாமாவைக் கடைவீதியில் நிற்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். நான் அவளைக் கண்டதும் முன் அறைக்கு ஓடி என் துணிகளை மஞ்சள் பையில் திணிக்கத் தொடங்கினேன்.

அம்மா கூடத்தில் மெஷினைப் பார்த்தாள். சேலையைப் பார்த்தாள்.

“எஞ் சேலையக் கட்டி விட்டிருக்கீக. நல்லா வச்சிருக்கீகளா அவள?”

அப்பா சிரித்தார். “வந்த ஒடனே ஆரம்பிச்சிட்டியா?”

“மூத்தவ கேக்குறேன், சொல்ல மாட்டீகளா?”

அவளால் சும்மா இருக்க முடியவில்லை. தம்பியை என்னிடம் கொடுத்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு கூடத்தைக் கூட்டினாள். பிறகு வாளித் தண்ணீரைத் தரையில் வீசித் துடைப்பத்தால் தள்ளினாள். எங்கள் கூடத்தில் ஊற்றும் தண்ணீர் எப்போதும் தெற்கே ஓடிச் சாக்கடை ஓட்டைக்குப் போகும். அன்று ஒரு பகுதி போகவில்லை. திரும்பி, மெஷினின் பின்பக்கக் கால் ஒன்றின் அருகே தேங்கி நின்றது. கொஞ்ச நேரத்தில் தேங்கியதும் காணாமல் போனது.

அம்மா துடைப்பத்தைப் பிடித்தபடி குனிந்து பார்த்தாள்.

“இங்க பாருங்க. தரை தண்ணி குடிக்குது.”

“மெஷின்ல தண்ணி படாம பாத்துக்க.” அப்பாவின் இரண்டு கைகளும் மெஷினுக்குள் இருந்தன.

“உரல் குழி அமுங்குதுங்க. அடியில வெறும் ஆத்து மண்ணு. நான் கல்யாணமாகி வந்த வருசமே அந்த உரலு சாஞ்சு சாஞ்சுதான் நின்னுச்சு.”

“மறுபடியும் உரலா? கிணத்தடியிலதான கெடக்கு. வேணும்னா வண்டி வச்சு ஒங்க அண்ணன் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போ.”

அம்மா சொன்னது எனக்கும் சண்டையாகத்தான் கேட்டது. அந்த வீட்டில் உரல் என்ற சொல் சண்டைக்கு மட்டுமே எடுக்கப்படுவதாகிவிட்டிருந்தது. அவள் மீதித் தண்ணீரைத் தள்ளி முடித்து, துடைப்பத்தை மூலையில் வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு தம்பியை வாங்கிக்கொண்டாள்.

வாசலில் என் மஞ்சள் பையைப் பார்த்தாள்.

“அப்பாவுக்கு யாரு இருக்கா?” என்றாள்.

“எனக்கு?” என்று கேட்டேன்.

அவள் என் காலரைச் சரிசெய்தாள். சரிசெய்ய அதில் ஒன்றுமில்லை. “ஓடட்டும் கண்ணு. வந்துருவேன்.” சந்தின் முனையில் திரும்பும்வரை தம்பி என்னைப் பார்த்துக்கொண்டே போனான். நான் பையைப் பிரிக்காமல் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

கண்டுபிடிப்பு நடந்தது ஒரு பிற்பகலில், மின்சாரம் நின்றுபோன நேரத்தில். அப்போதெல்லாம் மின்வெட்டு தினசரி விஷயம். அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு, சிமெண்ட் தரையில் கன்னத்தைப் பதித்துப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். கண் திறந்திருந்தது. மெஷினின் பின்கால் பக்கம் எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. காலுக்கு அந்தப் பக்கமாகச் சுற்றிப் போகவில்லை. காலுக்கு அடியிலேயே நுழைந்து மறுபக்கம் வந்தன.

அவர் அசையாமல் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு போஸ்ட் கார்டை எடுத்துக் காலுக்கடியில் செருகினார். அது உள்ளே போனது. நான்கு கால்களில் மூன்றில்தான் மெஷின் நின்றுகொண்டிருந்தது.

ரசமட்டத்தை எடுத்து மேசையில் வைத்தார். குமிழி நடுவில் நின்றது. சக்கரத்தைச் சுற்றி மேசையை ஒரு கடைசிக்கு நகர்த்தினார். மேசையின் கனம் அந்தப் பக்கம் போனதும் குமிழி மெதுவாக நடுக்கோட்டை விட்டு விலகியது. திருப்பி நகர்த்தினார். குமிழி நடுவுக்கு வந்தது. மறுபடியும் நகர்த்தினார். துண்டின் ஒரு பாதி ஏன் வழவழப்பு, மறுபாதி ஏன் வரி என்பதற்குக் காரணம் அவ்வளவுதான். பேரிங்கில் குறையில்லை, திருகில் குறையில்லை, கட்டரில் குறையில்லை. மெஷினை அக்கக்காகக் கழற்றிப் பார்த்தவர் அது நின்ற தரையைப் பார்க்கவில்லை.

“ஆத்தா.” குரல் அடங்கி இருந்தது. “அன்னைக்கு அம்மா என்ன சொன்னா?”

“உரல் குழி அமுங்குதுன்னு.”

“வேற?”

“அடியில ஆத்து மண்ணுன்னு. கல்யாணமாகி வந்த வருசமே உரலு சாஞ்சுச்சுன்னு.”

அவர் ரசமட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். மின்சாரம் வந்தது. மின்விசிறி சுற்றியது. அவர் எழவில்லை.

மறுநாள் மில் மாமாவும் இரண்டு சுமைகாரர்களும் வந்தார்கள். குழியைத் தோண்டிக் கருங்கல் போட்டுக் கான்கிரீட் இறுக்கிவிட்டு அதே இடத்தில் மெஷினை நிறுத்தலாம் என்றார் மில் மாமா. அப்பா ஜன்னலைக் காட்டினார். அங்கே தரை பழைய கருங்கல் பாவியது.

“அங்கயா? சொவத்தப் பாத்துல்ல நிக்கணும். மேக்க பாத்து நின்னா வெளங்குமா மாப்ள?”

“கெழக்கப் பாத்து நின்னு என்ன வெளங்குச்சு?”

இரும்புக் குழாய்களைப் பரப்பி மெஷினை உருட்டிப்போய் ஜன்னலருகே நிறுத்தினார்கள். அப்பா ரசமட்டம் வைத்துப் பார்த்தார். மேசையை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் நகர்த்திப் பார்த்தார். பிறகு துண்டை இறுக்கி ஓட்டினார். கட்டரின் சத்தமே வேறாக இருந்தது. ஒரே சீரான சத்தம், துணி கிழிப்பது போல. துண்டு வெளியே வந்தபோது அதில் ஜன்னல் கம்பிகள் தெரிந்தன.

அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சுமைகாரர்களிடம், “கிணத்தடியில ஒரு உரல் கெடக்கு. அதையும் கொண்டாங்கப்பா” என்றார்.

நாங்கள் உசிலம்பட்டி பஸ்ஸில் போனோம். அப்பா சலவைச் சட்டை போட்டிருந்தார். மடியில் மஞ்சள் பை, அதற்குள் அந்தத் துண்டு. தாய்மாமா வீட்டில் எல்லோரும் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். “என்ன மச்சான், இம்புட்டுச் சின்ன இரும்புக்கா அம்புட்டுப் பாடு?” என்றார் தாய்மாமா. அப்பா சிரித்தார்.

கடைசியாக அம்மாவிடம் வந்தது. விரலால் தடவிப் பார்த்தாள். மறுபக்கம் திருப்பினாள்.

“ஓடுது” என்றார் அப்பா.

“எப்பிடிச் சரியாச்சு?”

அப்பா ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு தாய்மாமாவை.

“ரசமட்டம் வச்சுப் பாத்தேன். புடிபட்டுருச்சு.”

நான் அம்மாவைப் பார்த்தேன். என் வாய் திறந்திருக்க வேண்டும். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அது மூடிக்கொண்டது.

“அப்பிடியா” என்றாள். துணிகளை எடுத்து வைக்க உள்ளே போனாள்.

வீட்டுக்கு வந்ததும் கூடத்தின் நடுவில் உரல் நின்றது. குழி முழுதும் கருங்கல் சல்லி போட்டு இறுக்கி, விளிம்பில் புது சிமெண்ட் பூசியிருந்தது. அம்மா சமையலறைக்குப் போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து உரலின் வாய்க்குழியில் ஊற்றினாள். விளிம்புவரை ஊற்றினாள். தண்ணீர் நாலாபக்கமும் ஒரே சமயத்தில் வழிந்தது. அப்பா கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரியா இருக்கு” என்றாள்.

அப்புறம் பல வருடம் இருவரும் அந்தக் கூடத்தில்தான் வேலை செய்தார்கள். அப்பா ஜன்னலைப் பார்த்து நிற்பார். அம்மா சமையலறையைப் பார்த்து உட்கார்ந்து மாவாட்டுவாள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. முன் அறை வாசலில் பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த எனக்கு இரண்டு முகமும் பக்கவாட்டில் தெரியும். அந்தக் கோடையில் தனியாக இருந்தது நான் மட்டும் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பட்டறை தேடி யாராவது புதிதாக வந்தால் அப்பா அந்தக் கதையைச் சொல்வார். கட்டரை மாற்றியது, நட்டு கடைந்தது, டயல் கேஜ் தூக்குச் சட்டியில் வந்தது எல்லாம் வரும். எறும்பு வரும். கேட்பவர் ஆவலாகக் கேட்பார். “கடைசியில ரசமட்டத்த வச்சேன் அண்ணே, புடிச்சிட்டேன்” என்று முடிப்பார்.

அந்த இடத்தில் அம்மாவின் கையில் குழவி நிற்கும். ஒரு மூச்சு அளவுக்குத்தான். பிறகு மறுபடியும் சுற்றும்.